நீல எஞ்சினும் சிவப்பு எஞ்சினும்

எங்கள் கம்பம் ஊர்ப் பக்கத்தில் புல்லை வெட்டுவதற்கென்று யாரும் வண்டி வாங்க மாட்டார்கள். புல் முளைத்தால் மாடு தின்னும். மாடு இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு மாட்டை அவிழ்த்துவிடச் சொல்வார்கள். அதற்கு மேல் புல்லைப் பற்றி யோசிக்க ஒன்றுமில்லை. அப்படிப்பட்ட ஊரில், மேலே உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி ஒன்று எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம். நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அதைக் கொண்டுவந்தவர் ராவுத்தர் மாமா. சுருளிப்பட்டிப் பாதையில் எங்கள் திராட்சைத் தோட்டமும் அவர் தோட்டமும் ஒரே வரப்பின் இரண்டு பக்கம். எங்கள் ஊரில் ராவுத்தர்மாரும் நாங்களும் மாமன் மச்சான் என்று முறை வைத்துக் கூப்பிட்டுக்கொள்வது வழக்கம். அப்பாவும் அவரும் கூப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த முறைக்கு உண்டான கேலியையும் வம்பையும் ஒன்றுவிடாமல் நடத்தி வந்தார்கள். மாமா ஏலக்காய் வாங்க மலைக்குப் போகிறவர். அங்கே ஏதோ ஒரு எஸ்டேட் பங்களாவின் புல்தரைக்கு என்று எந்தக் காலத்திலோ வாங்கின வண்டி, ஓடாமல் மழையில் நனைந்துகொண்டு கிடந்திருக்கிறது. ஏலக்காய் மூட்டைகளோடு அதையும் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

டிராக்டர் குட்டி போட்டது போல இருந்தது வண்டி. நான்கு சின்னச் சக்கரம், கிழிந்த சீட்டு, வயிற்றுக்கு அடியில் ஒரு பெரிய கத்தி, பின்னால் வெட்டின புல்லைச் சேர்க்க ஒரு தகரப் பெட்டி. எஞ்சின் மட்டும் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அம்மா கேட்டாள்.

"பந்தலுக்கு அடியில ஓட்டலாம் தங்கச்சி. டிராக்டரு உள்ள நொழையாது, இது நொழையும். எஞ்சின் ஒண்ணு மாத்திட்டா போதும்" என்றார் ராவுத்தர் மாமா.

அது உண்மைதான். திராட்சைப் பந்தல் என்பது கல்தூண் நட்டு, தலைக்கு மேல் கம்பி பின்னி, அதில் கொடியைப் படரவிடுவது. பெரியவர்கள் யாரும் உள்ளே நிமிர்ந்து நடக்க முடியாது. கொடியை வெட்டிவிடுகிற கவாத்துக்குப் போனாலும் சரி, குலை வெட்டப் போனாலும் சரி, பாதி ஆளாகக் குனிந்துகொண்டுதான் போக வேண்டும்.

வண்டி வந்ததில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதை அப்பா நிறுத்தச் சொன்ன இடம்தான் பிடிக்கவில்லை. சரியாக நான் பாண்டி ஆடுகிற இடத்தில், சித்தப்பாவின் ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தச் சொன்னார். வாசலில் வேறு இடமா இல்லை என்று நான் முனகியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சித்தப்பா என்றால் அப்பாவின் ஒரே தம்பி. எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். விடியும் முன்பே ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு மலைப்பாதையில் ஏறி, சாயங்காலம் இறக்கிவிடுவார். வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, தெருமுனையில் வருகிற ஜீப் யாருடையது, எந்த கியரில் வருகிறது, அதற்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். எஞ்சினைப் பற்றி யாராவது தப்பாகப் பேசிவிட்டால் மட்டும் அவருக்குப் பொறுக்காது. கல்யாண வீட்டுப் பந்தியில்கூட இலையை விட்டு எழுந்து போய்த் திருத்திவிட்டு வருவார். ஒரு மழை நாளில் மெட்டு வளைவில் அந்த ஜீப் கவிழ்ந்தது. வண்டியில் இருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பித்தார்கள். சித்தப்பாவுக்கு வலது காலை மதுரைப் பெரியாஸ்பத்திரியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வடுகபட்டியில் பேசி முடித்திருந்த பெண் வீட்டுக்காரர்கள், மாம்பழக் கூடையோடு ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்புறம் வரவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து சித்தப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால் படுத்ததுதான். அம்மா தட்டோடு பக்கத்திலேயே நின்றால் இரண்டு வாய் சாப்பிடுவார். நான் போய்ப் பள்ளிக்கூடத்துக் கதை சொன்னால் என் தலையில் கையை வைப்பார், அவ்வளவுதான். வீட்டில் பெரியவர்கள் எல்லாருக்கும் ஒரே பயம்தான் இருந்தது: சித்தப்பாவை உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டுமே என்கிற பயம். அதை அவர்கள் ஒருவருக்கொருவர்கூட வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. ஆகவே எனக்கு அது தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எலியைப் பற்றித்தான். எங்கள் பக்கம் பூச்சிக்கொல்லியை மருந்து என்றுதான் சொல்வோம். திராட்சைக்கு மருந்தடித்து மாளாது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இதற்கென்றே சின்னதாக ஒரு மருந்து ரூம் இருந்தது. சித்தப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முதல் நாள், அதில் இருந்த டின், புட்டி, பொட்டலம் அத்தனையையும் அப்பாவும் ராவுத்தர் மாமாவும் மாமாவின் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், மாமா தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்கள். சாவியை அம்மா முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏனம்மா என்று கேட்டதற்கு, "எலி வருதுத்தா" என்றாள். ராவுத்தர் மாமா வீட்டில் எலி வராதா, அவர்கள் ரூம் சாவி நம்மிடம் எதற்கு என்றெல்லாம் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அதற்குக் காரணம் உண்டு. காலியாகிப்போன மருந்து ரூமை அம்மா கழுவிக் கழுவிவிட்டு எனக்கு விளையாடக் கொடுத்துவிட்டாள். சொப்புச் சாமான், கிழிந்த பாய், பழைய காலண்டர் எல்லாம் கொண்டுபோய் வைத்து நான் அங்கே தனிக்குடித்தனம் ஆரம்பித்துவிட்டேன். சொந்த வீடு கிடைத்தவளுக்கு எலியைப் பற்றி என்ன கவலை.

அப்பாவும் தன் பாயைச் சித்தப்பா அறை வாசல்படிக்குக் குறுக்கே மாற்றிக்கொண்டார். உள்ளே புழுங்குகிறதாம். மார்கழி மாதத்தில் புழுங்குகிறது என்று சொன்ன ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

இந்த நிலையில்தான் எஞ்சின் பேச்சு ஆரம்பித்தது.

என் அப்பா எதையும் யோசித்து வாங்குகிறவர் இல்லை. எங்கள் எருமையை, விற்க வந்தவர் டீ குடித்து முடிப்பதற்குள் வாங்கிக் கட்டிவிட்டார். அம்மாவைப் பெண் பார்க்கப் போனபோது காபி வருவதற்கு முன்பே சரி என்று சொல்லிவிட்டதாக அம்மா வீட்டில் இன்னும் கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவருக்கு இந்தச் சின்ன வண்டிக்கு என்ன எஞ்சின் வைப்பது என்று முடிவெடுக்க வாரக்கணக்கில் ஆனது. தினமும் சாயங்காலம் ராவுத்தர் மாமா வந்துவிடுவார். இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே ஆளுக்கொரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பேசுவார்கள். மெதுவாகப் பேசுகிற பழக்கம் இரண்டு பேருக்குமே கிடையாது என்றாலும், அந்த நாட்களில் ரொம்பவும் கத்தினார்கள்.

எங்கள் ஊரில் எஞ்சினைக் கம்பெனிப் பேர் சொல்லிக் கேட்கிறவர்கள் குறைவு. பெயிண்ட்டை வைத்துத்தான் பேச்சு. பழனிசெட்டிபட்டிக் கடைகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பவற்றில் நீலம் என்றால் வாய்க்காலில் தண்ணீர் இறைக்கிறது, சிவப்பு என்றால் பந்தலுக்கு மருந்தடிக்கிறது. அப்பா நீலக் கட்சி. ராவுத்தர் மாமா சிவப்புக் கட்சி. நான் மனதுக்குள் சிவப்பு. வண்டியும் ஒரு காலத்தில் சிவப்பாக இருந்திருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை.

"செகப்பு ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆயிரும் மாப்ள. ஒன் நீலத்தக் கயிறு போட்டு இழுத்து இழுத்துத் தோள்பட்ட எறங்கிப்போகும்."

"ஆகும் ஆகும். செகப்புல ஒரு வாஷர் போச்சுன்னா மதுரைக்குப் பஸ் ஏறணும் மச்சான். நீலத்துக்குக் கம்பத்துல பொட்டிக்கடையில சாமான் கெடைக்கும்."

சிவப்பு எடை குறைவு, அதனால் மண்ணில் பதியாது என்பார் மாமா. எடை குறைந்தால் வரப்பு ஏறும்போது தூக்கியடிக்கும் என்பார் அப்பா. நீலம் மண்ணெண்ணெயில் ஓடும், செலவு பாதி. சிவப்பு பெட்ரோலைக் கேட்கும், ஆனால் புகை கம்மி, குலையில் கரி படியாது. இதுவரைக்கும் நியாயமான பேச்சுதான். போகப்போக அப்பா பேசியதைக் கேட்டால் எனக்கே கூச்சமாக இருந்தது. சத்தம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு இழுவை என்றார். கனமான எஞ்சின் கம்மியாகக் குடிக்கும் என்றார். மாமா மட்டும் லேசுப்பட்டவரா? பெட்ரோலில் துளி வேப்பெண்ணெய் விட்டால் பிளக்கில் கரி பிடிக்காது என்று ஒருநாள் அடித்துச் சொன்னார். போகிற வருகிறவர்களும் நின்று ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டார்கள். சீக்கிரமே எங்கள் தெருவே நீலம் சிவப்பு என்று இரண்டாகிவிட்டது.

நான் அறைக்குள் ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். சித்தப்பா சுவரைப் பார்த்துத்தான் படுத்திருப்பார். ஆனால் வெளியே யாராவது தப்பாகச் சொல்லும்போதெல்லாம் அவருடைய இடது கால் கட்டைவிரல் ஆடும். சத்தத்துக்கும் இழுவைக்கும் சம்பந்தம் சொன்ன அன்று கொஞ்சம் ஆடியது. வேப்பெண்ணெய்க்கு ரொம்பவே ஆடியது. இதை அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார். எதற்கென்று தெரியவில்லை.

அந்த வாரத்தில் ஒருநாள் தோட்டத்துக்கு மருந்து எடுக்க அப்பாவோடு ராவுத்தர் மாமாவின் மோட்டார் ரூமுக்குப் போனேன். அம்மா முந்தானையை அவிழ்த்துச் சாவி கொடுத்தாள். ரூமுக்குள் எங்கள் டின்கள் சுவரோரமாக இருந்தன. மூலையில் ஒரு லாரி டயர் கிடந்தது. அதன் மேல் சாக்கு போட்டு ஏதோ மூடியிருந்தது. நான் தூக்கிப் பார்த்தேன். ஒரு எஞ்சின். நீலமும் இல்லை, சிவப்பும் இல்லை, சாம்பல் நிறம். அடிப்பக்கத்திலிருந்து ஒரு இரும்புத் தண்டு கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் தரையில் உட்கார முடியாமல், கோழி அடைக்கு உட்கார்ந்த மாதிரி டயருக்குள் உட்கார்ந்திருந்தது.

"இது யாருதுப்பா?"

"ராவுத்தர் மாமாவோடது."

"இதுக்கு என்னப்பா காலு கீழ நீட்டிக்கிட்டிருக்கு?"

"அதுக்குப் பொறவியே அப்படித்தான். இங்கன பாத்தத வீட்டுல போயிச் சொல்லக் கூடாது, என்ன?"

மாமா அத்தைக்குத் தெரியாமல் வாங்கி ஒளித்துவைத்திருக்கிறார் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். ஆண்கள் இப்படித்தான் என்று அம்மா அடிக்கடி சொல்வாள். அதனால் ஆச்சரியப்படவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா தன் யோசனைகளிலேயே பெரிய யோசனையைச் சொன்னார். நீல எஞ்சினையே வாங்குவது. நேராக வைத்தால் வண்டிக்கு ஒத்துவரவில்லை என்றால், சாய்த்துப் படுக்கப்போட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுவது.

"படுக்கப்போட்டா ஓடுமா மாப்ள?" என்றார் மாமா.

"ஏன் ஓடாது? மனுசன் படுத்தா மூச்சு விடாமயா இருக்கான்?"

"சாய்ச்சுப் போட்டா ஆயில் எங்கண்ணே நிக்கும்? ஒங்க தலையிலயா?"

என் பென்சில் கீழே விழுந்துவிட்டது. சித்தப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை நாள் பேசாததில் குரல் கரகரவென்று வந்தது. அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு ஓடிவந்து நிலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டாள். கடுகு கருகுகிற வாசம் வந்தது. அவள் திரும்பிப் போகவில்லை.

அப்பா மட்டும் ஸ்டூலை விட்டு அசையவில்லை. உள்ளே திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ சும்மா கெட. படுத்துக்கெடக்கவனுக்கு வண்டியப் பத்தி என்னா தெரியும்?" என்றார்.

எனக்கு அப்பா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. உடம்பு முடியாத மனிதரைப் பார்த்துப் பேசுகிற பேச்சா அது? சித்தப்பாவுக்கு என்னைவிட அதிகமாக வந்திருக்க வேண்டும். கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் தத்தி ஜன்னலுக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கா தெரியாது? அந்த வண்டிக்குப் பெல்ட்டு வயித்துக்கு அடியில ஓடுது, கண்ணு தெரியலயா? ஷாஃப்ட்டு கீழ பாத்து வர்ற எஞ்சின்தான் அதுல ஒக்காரும். நீங்க பேசுற நீலமும் செகப்பும் ரெண்டுமே பக்கத்துல நீட்டிக்கிட்டிருக்கு. ரெண்டுமே ஆகாது. இத்தன நாளா ரெண்டு பேரும் என்னா எழவண்ணே பேசிக்கிட்டிருந்தீக?"

அதோடு விடவில்லை. சத்தத்துக்கும் இழுவைக்கும் சம்பந்தமில்லை என்பதில் ஆரம்பித்து, வேப்பெண்ணெய் வரைக்கும் ஒவ்வொன்றாக எடுத்துப்போட்டு அடித்தார். நீலம் எதற்கு நல்லது, சிவப்பு எதற்கு நல்லது, எது மேடு ஏறும்போது திணறும், எது வெயிலில் சூடாகி நிற்கும் என்று மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். எல்லாவற்றையும் காதில் வாங்கி ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். அப்பா தலையைச் சொறிந்துகொண்டு, "அப்படியா சங்கதி? ஷாஃப்ட்டு கீழ பாத்து எங்கன கெடைக்கும்?" என்று கேட்டார். கோயம்புத்தூரில் கேட்டுப் பார்க்கலாம் என்றார் சித்தப்பா. ராவுத்தர் மாமா தென்னை மரத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, துண்டால் முகத்தை ரொம்ப நேரம் துடைத்தார். வாதத்தில் தோற்றுவிட்டார், பாவம் என்று நினைத்தேன்.

அன்று ராத்திரி சித்தப்பா அவராகவே ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் அப்பா வெள்ளை வேட்டி கட்டி, பையில் துண்டு எடுத்துவைத்துக்கொண்டு, கோயம்புத்தூர் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். நான் தோட்டத்துப் பாதையாக வந்தேன். ராவுத்தர் மாமா தோட்டத்துப் புளிய மரத்தடியில், வெள்ளை வேட்டியை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, டிராயரோடு ஒரு ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால் என் அப்பா. கண் விழித்து என்னைப் பார்த்ததும் பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு முழுப் பொட்டலம் கடலை மிட்டாயை எடுத்துக் கையில் கொடுத்தார். நான் அதைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

சாயங்காலம் மாமாவின் வண்டியில் எஞ்சினோடு வந்து இறங்கினார். அதே சாம்பல் நிறம். அதே கீழே நீட்டின கால். "கோயமுத்தூர்ல என்னா கூட்டம்ங்கிறே! பஸ்ஸுல நிக்க எடமில்ல" என்று அலுத்துக்கொண்டார். எந்தக் கடை என்று சித்தப்பா கேட்டதற்கு, ஒரு டீக்கடைக்கு எதிர்த்தாற்போல என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அப்பா எங்கேயும் போகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அம்மா ஒரு முழு இட்லியை என் வாயில் திணித்துவிட்டாள். மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்காமல் இருக்க அவள் பட்ட பாடு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்து வந்த நாட்களில் வாசலே பட்டறை ஆனது. சித்தப்பா சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்து வேலை செய்தார். அப்பா ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு, தப்பான ஸ்பேனர் என்று திட்டு வாங்கிக்கொண்டு இருந்தார். ஊரில் யாரும் அவரை அப்படித் திட்ட முடியாது. திட்டத் திட்ட அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. வலது காலுக்கு இருந்த பிரேக்கை வெல்டிங் பட்டறையில் கொடுத்துக் கையால் பிடிக்கிறாற்போல மாற்றிக்கொண்டார் சித்தப்பா. கயிற்றை இழுத்ததும் எஞ்சின் இருமி இருமி ஓட ஆரம்பித்தது. தெருவில் நீலக் கட்சி, சிவப்புக் கட்சி இரண்டும் சேர்ந்து கைதட்டின.

தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு போனபோது நாங்கள் எல்லாரும் பின்னாலேயே போனோம். பந்தலுக்குள் நுழைகிற இடம் வந்ததும் அப்பா குனிந்தார், மாமா குனிந்தார், அம்மாவும் தலையைத் தாழ்த்திக்கொண்டாள். சித்தப்பா மட்டும் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே உள்ளே போனார். கொடி அவர் தலைமுடியைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. புல் வெட்டுகிற வாசம் பந்தல் முழுக்க எழுந்தது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தினேன்.

எருமைக்குத் தினமும் பெட்டி நிறையப் புல் வந்தது. சித்தப்பா பேசினார், சாப்பிட்டார், என் வீட்டுப்பாடத்தில் தப்புக் கண்டுபிடித்தார். அப்புறம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "மேக்கால வரிசையில எலையில சாம்பல் நோய் விழுந்திருக்குண்ணே. இன்னைக்கே மருந்தடிக்கணும். மருந்து ரூம்ல பாத்தேன், பாப்பாவோட சொப்புச் சாமான்தான் கெடக்கு. டின்னெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், அம்மா குழம்புச் சட்டியைக் கிளறினாள். பெரியவர்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நான்தான் சொன்னேன்: "ராவுத்தர் மாமா மோட்டார் ரூம்ல இருக்கு சித்தப்பா. எலி வருதுன்னு அம்மா கொண்டுபோயி வைக்கச் சொன்னாக."

"எலியா" என்றார் சித்தப்பா. அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் கை முந்தானை முடிச்சுக்குப் போய் அங்கேயே நின்றது.

"சாவியக் குடு" என்றார் அப்பா.

அம்மா கொடுக்கவில்லை. அப்பா மறுபடி கேட்கவும் இல்லை. சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். அம்மா மெதுவாக முடிச்சை அவிழ்த்துச் சாவியை என் கையில் கொடுத்து, "சித்தப்பா கூடவே போயிட்டு கூடவே வந்துரு. எங்கிட்டும் விளையாடப் போயிராத" என்றாள்.

புல் பெட்டியில் என்னை உட்காரவைத்துக்கொண்டு சித்தப்பா வரப்பு வழியாக ஓட்டினார். ஊன்றுகோலைப் பிடித்து இறங்கிப் பூட்டைத் திறந்ததும் சுவரோரம் இருந்த எங்கள் டின்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மூலையில் கிடந்த லாரி டயரைப் பார்த்தார். உள்ளே வட்டமாக எண்ணெய்க் கறை. குனிந்து விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

"இங்கன என்னத்தா இருந்துச்சு?"

வீட்டில் போய்ச் சொல்லக் கூடாது என்றுதான் அப்பா சொல்லியிருந்தார். இது வீடு இல்லையே. "எஞ்சின். நம்ம வண்டியில இருக்குல்ல, அதேதான்."

"எப்ப இருந்துச்சு?"

"அப்பா சாய்ச்சுப் போடலாம்னு சொன்னாகல்ல, அதுக்கு முன்னாடியே."

சித்தப்பா அந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சேர்ந்து சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம கெணத்து ஆயில் எஞ்சினக் கழத்தி மாட்ட எனக்குச் சொல்லிக் குடுத்ததே ஒங்கப்பாதாந்த்தா. அவருக்கா ஆயில் எங்கன நிக்கும்னு தெரியாது?" என்றார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நான் கேட்டேன்னு அவருகிட்டச் சொல்லாத" என்றார். எல்லாரும் என்னிடமே வந்து சொல்லாதே சொல்லாதே என்றால் நான்தான் என்ன செய்வேன்?

அன்றைக்கு வேண்டிய ஒரே ஒரு டின்னை மட்டும் எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினார். மருந்தடித்து முடித்ததும் மிச்சத்தைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டு, சாவியை நேராக அம்மாவிடம் நீட்டினார்.

"தம்பியே வச்சுக்கங்க" என்றாள் அம்மா.

"இல்ல மதினி. கொஞ்ச நாளைக்கு ஒங்ககிட்டயே இருக்கட்டும்."

அந்தக் காய்ப்பு முழுக்க அப்படித்தான் நடந்தது. ஒவ்வொரு தடவையும் சாவியைக் கேட்டு வாங்கி, வரப்பைச் சுற்றிப் போய், ஒரு டின்னை எடுத்து வந்து, மறுபடியும் கொண்டுபோய் வைத்துச் சாவியைத் திருப்பிக் கொடுப்பார். இத்தனை அலைச்சல் எதற்கு என்று கேட்டேன். வண்டி ஓட்ட ஒரு சாக்கு என்றார். எனக்கும் அது நியாயமாகப்பட்டது, நானும் பெட்டியில் ஏறிக்கொள்ளலாமே.

குலை வெட்டி, அடுத்த கவாத்தும் முடிந்து, கொடி மறுபடி துளிர்விட்டுக்கொண்டிருந்தது. ஒருநாள் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது மருந்து ரூம் வாசலில் புல்வெட்டி வண்டி நின்றது. புல் பெட்டியில் டின்கள். என் சொப்புச் சாமானும் பாயும் காலண்டரும் வெளியே ஒழுங்காக அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. சித்தப்பா ஒவ்வொரு டின்னாக எடுத்துக் கொடுக்க, அப்பா வாங்கி உள்ளே பழைய இடத்தில் வைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் சித்தப்பா கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அப்பாவின் பாயும் வாசல்படியிலிருந்து பழைய இடத்துக்குப் போய்விட்டது.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாதக்கணக்காகக் குடியிருந்தவளை இப்படியா காலி செய்வார்கள்? எலி மறுபடி வந்தால் என்ன செய்வார்களாம்? நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ ஆரம்பித்தேன். அம்மா ஓடிவந்து என்னை அள்ளிக்கொண்டாள். சமாதானம் சொல்வாள் என்று பார்த்தால், என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என்னைவிட அதிகமாக அவள் அழுதாள். சிரித்துக்கொண்டும் அழுதாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. என் வீடு போனது அவளுக்கு இவ்வளவு வருத்தமாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. என் அழுகையை நிறுத்திக்கொண்டு, அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, "போகட்டும் விடும்மா, நான் கோழிக்கூண்டுப் பக்கம் எடம் பாத்துக்கிறேன்" என்று அவளைத் தேற்றினேன்.